தறப்பாளுக்கு அந்தப் பக்கம்

2025 ஜனவரி 14, செவ்வாய்

தம்புள்ளைக்கு வெங்காயம் வாங்கப் போன என் வீட்டுக்காரர் லொறியில் குதிரையோடு திரும்பி வந்தார். நான் அஸர் தொழுகையின் கடைசி ரக்அத்தில் இருந்தேன். வாசலில் லொறி பின்னுக்கு வரும் சத்தம், பிறகு பலகையில் கனமாக எதுவோ இறங்கும் சத்தம். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு யன்னலால் பார்த்தால் மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு குதிரை நிற்கிறது. வெங்காயமும் வாங்கித்தான் வந்திருந்தார். ஐந்து கிலோ, பாதி ஈரம்.

சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரரை ஏற்றித் திரிந்த குதிரையாம். அங்கே சவாரியை நிறுத்திவிட்டார்களாம். பெண் குதிரை, பதினொரு வயது, பெயர் மெணிக்கா. விலையை இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார்.

நான் சத்தம் போடவில்லை. "கட்டுறதுக்கு எடம்?" என்று மட்டும் கேட்டேன்.

"கராஜ் சும்மாதானே ஈக்கிது."

வேனை விற்ற பிறகு கராஜ் சும்மாதான் இருக்கிறது. அது உண்மை.

பத்தொன்பது வருடம் கட்டாரில் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் வீட்டில் இருப்பார். போன ஒக்டோபரில், இனிப் போவதில்லை என்று வந்தார். இப்போது அதே லாயத்திலிருந்து மறுபடியும் கூப்பிடுகிறார்கள், இரண்டு வருட ஒப்பந்தம். இதைப் பார்ப்பது இவர் தங்கை மகன் றினோஸ், மாத்தளையில் ஏஜென்சி வைத்திருக்கிறான். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது இவரே சொன்னார்: "ஜூன் வரைக்கும் பாப்போம். மெணிக்கா தன்ட தீனிய தானே சம்பாதிச்சா நான் இங்க. இல்லாட்டி அத வித்துப்போட்டு நான் பெய்த்துர்ற. கணக்கு நீதான் எழுதணும். நீ பொய் எழுதமாட்ட."

புதுக் கொப்பி ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் பிஸ்மில்லாஹ் எழுதினேன்.

ஜனவரி 16

குதிரைக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். இவர் அறபியில் அதட்டுகிறார், அது காதைக்கூட அசைப்பதில்லை. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு குசினி யன்னலால் சிங்களத்தில் "யமு", போவோம், என்றேன். நடந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குதிரையை வைத்துச் செய்யக்கூடிய தொழில்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருந்தார், நான் பார்க்க வேண்டும் என்றுதான். பார்த்தேன்.

கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போவது. பிறந்தநாள் வீடுகளில் சிறு பிள்ளைகளைச் சுற்றிவரச் செய்வது. வாசனைத் திரவியத் தோட்டம் பார்க்க வரும் வெள்ளைக்காரருக்குக் குதிரை வண்டி — வண்டியை யார் வாங்குவது என்று தாளில் இல்லை. ரிவர்ஸ்டன் மலை ஏறுகிறவர்களின் மூட்டை சுமப்பது. வால் மயிரில் பிரஷ் செய்து விற்பது. இருப்பது ஒரே ஒரு வால். கடைசியில் சாணம், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் கலியாணத்தில் மட்டும் சரி அடையாளம் போட்டேன். வாலில் கோடு கீறினேன்.

குதிரையை நேசிக்கிறவனுக்கு உலகத்தில் இத்தனை வேலை இருக்கும் என்று நம்புகிற மனிதர்தான் இவர். இந்த மனிதரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர், கட்டாரிலிருந்து வியாழக்கிழமைகளில் போனில் பேசுகிறவர்.

பெப்ரவரி 9, ஞாயிறு

முதல் கலியாணம். உக்குவளையில். மாப்பிள்ளை ஷிஹாம் வங்கியில் வேலை செய்கிறவன், ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தான். ஏறிய பிறகு ஓதத் தொடங்கினான். நூறு மீட்டர் தூரம்தான். ஆயத்துல் குர்ஸி மூன்று தடவை முடிந்ததாம்.

மண்டப வாசலில் மல்லிகைப் பூ வளைவு கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை இறங்குவதற்குள் மெணிக்கா அதில் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. கூலியில் பாதியைப் பூக்காரர் வாங்கிக்கொண்டார். வீடியோ ஊரெல்லாம் போயிருக்கிறது. மகள் ஜெஸ்லா குருநாகலிலிருந்து கோல் எடுத்துச் சிரிக்கிறாள், "உம்மா, குதிர கலியாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டுதாமே!"

இனி யாரும் கூப்பிடமாட்டார்கள்.

பெப்ரவரி 18

பழைய லாடங்களைக் கழற்றிவைத்திருந்தார். ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒன்றைக் கேட்டு வந்தார், கடை நிலையில் மேலே அடிக்க. "தேஞ்சதுதான் வேணும் ராத்தா, புதுசு வேல செய்யாது." கடையில் புது இரும்புக்குச் சொல்லும் விலையைப்போல் நாலு மடங்கு தருகிறேன் என்றார்.

கொடுக்க முடியாது என்றேன். இரும்பு காப்பாற்றும் என்று நம்பி வாங்குகிறவருக்கு அதை விற்றால் அந்த நம்பிக்கையில் எனக்கும் பங்கு வரும்.

அவர் போன பிறகு இவர், "நாம இரும்ப இரும்பாத்தானே விக்கிற" என்றார்.

"அவர் இரும்பா வாங்கல்லயே."

நாலு லாடமும் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போட்டோம். வந்த சல்லிக்கு ஒரு நாள் தவிடு.

மார்ச் 2, ஞாயிறு. முதல் நோன்பு

இரத்தோட்டையிலிருந்து அழகமுத்து என்று ஒருவர் வந்தார். ரிவர்ஸ்டன் குளிரில் பட்டன் காளான் வளர்க்கிறாராம். அந்தக் காளானுக்குக் குதிரைச் சாணம்தான் வேண்டுமாம், மாட்டுச் சாணம் சரிவராதாம். கிழமைக்கு இருபது சாக்கு. தானே வாகனத்தில் வந்து அள்ளிப்போவதாகச் சொன்னார்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. தாளில் கேள்விக்குறி போட்ட இடத்தைப் பேனையால் வட்டமிட்டார். கணக்குப் பார்த்தேன்: அந்த இருபது சாக்கால் மாதத் தீனியில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

ஆனால் மனதில் ஒன்று உறுத்தியது. சாணம் விற்பதைப் பற்றி எங்கோ வாசித்திருக்கிறேன்.

மார்ச் 8

வாசித்தது சரிதான். நான் மதரசாவில் ஓதியவள் இல்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இருக்கிற தமிழ்ப் புத்தகங்களை வாசித்து வாசித்துத் தெரிந்துகொண்டதுதான். அதனால் சந்தேகம் தீரப் பள்ளிவாசல் ஹஸ்ரத் வீட்டுக்குக் கோல் எடுத்து, அவர் மனைவி மூலம் கேட்டேன். பதில்: நம் ஷாபி மத்ஹபில் சாணம் நஜீஸ், அசுத்தம். எந்தப் பிராணியினுடையதும்தான். நஜீஸை விற்பது செல்லாது.

இவரிடம் சொன்னேன். கையில் மண்வெட்டி இருந்தது.

"சாணிக்கும் பத்வாவா? ஊரெல்லாம் மாட்டெரு விக்கிறானுகள், ஒருத்தனும் கேக்கல்ல."

"ஊர்ட கணக்க நான் எழுதல்ல."

"ஸில்மியா" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "ஒனக்கு நான் இங்க ஈக்கிறது விருப்பமா இல்லயா? அத மட்டும் சொல்லு."

நோன்போடு வாதாட எனக்கு விருப்பமில்லை என்றேன். அது பதில் இல்லை, எனக்கே தெரியும்.

அழகமுத்துவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கராஜின் பின்னால் குவிகிறது.

மார்ச் 9

விருப்பமா இல்லையா? — இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. போகும்போது போங்கள் என்று நான் சொன்னதில்லை, வரும்போது வாங்க என்று சொன்னதும் இல்லை. டிக்கட் தீர்மானித்தது. ஸுபஹு தொழுகைக்குப் பிறகு வீடு முழுக்க எனக்கு மட்டும் இருந்தது. ஓதுவேன், வாசிப்பேன், ஒரு கோப்பைத் தேத்தண்ணி. இப்போது அந்த நேரத்தில் கராஜில் ஒருவர் குதிரையோடு அறபியில் பேசிக்கொண்டிருக்கிறார். பழகவில்லை. பிடிக்கவில்லை என்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஹஸ்ரத்தின் மனைவி தானாகவே கோல் எடுத்தார். நான் கேட்டதை ஹஸ்ரத் மறக்கவில்லையாம். விற்கக் கூடாது, ஆனால் அந்தப் பொருளில் எங்களுக்கு இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, அப்படிக் கையை எடுப்பதற்காக ஏதும் வாங்கலாம். வாயால் "விற்றேன்" என்று சொல்லக் கூடாது, "கையை எடுத்தேன்" என்று சொல்ல வேண்டும்.

இரண்டு கிழமை நான் வாசித்த அந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் விட்டது என் பிழை. புரட்டிப் பார்த்தேன். அங்கேயே இருக்கிறது.

அழகமுத்து வந்தார். இவர் வேண்டுமென்றே விளக்கத்தை என்னிடம் விட்டுவிட்டு வேலியில் சாய்ந்து நின்றார்.

"அப்ப நான் சாணிய வாங்கலீங்களாம்மா?"

"இல்ல. நாங்க விக்கவும் இல்ல."

"ஆனா காசு குடுக்கிறேன்."

"அதுல எங்களுக்கு ஈக்கிற உரிமய விடுறோம். அந்தக் கைய எடுக்கிறதுக்குத்தான் காசு."

அவர் குவியலைப் பார்த்தார், இவருடைய கையைப் பார்த்தார். இவரை எங்களைப்போலவே நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். "சரிங்க. நானா கைய எடுக்கட்டும். திரும்ப வெளிநாட்டுக்குக் காலையும் எடுத்துராம பாத்துக்குங்க. அப்பறம் நான் சாணிக்கு எங்கிட்டுப் போவேன்?"

இவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு சடங்குபோல குவியலின் முன்னால் இரண்டு கையையும் தூக்கி, "எடுத்துட்டேன்" என்றார். அழகமுத்துவும் ஏனோ கும்பிட்டார்.

ஏப்ரல் 2

பெருநாள் முடிந்தது. ஜெஸ்லா பிள்ளைகளோடு வந்துபோனாள். பேரப்பிள்ளைகள் நாள் முழுக்க ஏறி இறங்கினார்கள். அதற்குக் கூலி இல்லை. போகும்போது, "வாப்பா திரும்பப் போறாரா உம்மா?" என்று கேட்டாள்.

"கணக்குச் சொல்லும்."

"நீங்க ஒன்டும் சொல்ல மாட்டீங்களா?"

வட்டிலப்பம் மிஞ்சியதைக் கட்டிக்கொடுத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெண்கள் மதரசாவிலிருந்து நாச்சியா டீச்சர் வந்தார். அங்கே பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி பழக்க விரும்புகிறார்கள். "ஸுன்னத்தான, நபி வழியில வந்த வெளையாட்டுன்டு பாடத்துல சொல்லிக் குடுக்கிறோம். ஒரு புள்ளயும் குதிரயக் கிட்ட கண்டதில்ல" என்றார். பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்றாம். வீட்டுக்குப் பின்னால் கராம்பு காயப்போடும் நிலம் போதும் என்று சுற்றிப் பார்த்தார்.

பிரச்சினை ஒன்றுதான். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், குதிரையில் ஏறி இறங்கும் நேரம். ஆண் பக்கத்தில் நிற்க முடியாது.

"அப்ப யார் பழக்குற?" என்று இவர் திண்டாடினார்.

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"நான் எப்பிடி? அதுட பக்கத்துக்கே போனதில்ல."

"குதிர ஒங்கட பேச்சத்தான் கேக்குதாம், நானா சொன்னாரு."

எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் — எனக்குத் தெரியாது. கடைசியில் தீர்மானித்தது இது: நிலத்துக்குக் குறுக்கே திரைபோலத் தறப்பாள் கட்டுவது. இந்தப் பக்கம் நானும் பிள்ளைகளும் மெணிக்காவும். அந்தப் பக்கம் இவர் கதிரை போட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்வது.

"காணாம எப்பிடி சொல்லுவீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"காது ஈக்கிதே" என்றார்.

ஏப்ரல் 29

கயிற்றைப் பிடித்து நடக்கப் பழகுகிறேன். ஒவ்வொரு நாளும் அஸருக்கு முன்னால். இரண்டு உடுப்பு இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன், தொழுகை உடுப்போடு சேரக் கூடாது. மெணிக்கா என் தோளில் மூச்சு விடுகிறது, சூடாக, தவிட்டு மணத்தோடு. நேற்று என் முந்தானையைச் சப்பிவிட்டது. இவர் "ஒன்னப் புடிச்சிருக்குது" என்றார். முந்தானையைக் கழுவினேன்.

மே 10, சனி

முதல் வகுப்பு. ஒன்பது பிள்ளைகள். எல்லோரும் அபாயாவுக்குள் களிசான் போட்டு, சிலர் அண்ணன்மாரின் சப்பாத்தையும் போட்டு வந்திருந்தார்கள். கிசுகிசு, சிரிப்பு, ஒருத்தி மற்றவளைத் தள்ளுகிறாள். "நீ ஏறுடி, நீதான் ஹொஸ்டல்ல பெரிய வீராங்கன." மெணிக்கா காதைத் திருப்பியதும் மொத்த வரிசையும் சுவர் வரை ஓடிவிட்டது.

முதலில் ஏறியவள் மெலிந்த பிள்ளை. ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் "யமு" என்றேன். ஒரு சுற்று. தறப்பாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்:

"புள்ள எடது பக்கம் சாஞ்சி ஈக்கி. நிமிந்து இருக்கச் சொல்லு."

நான் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தாள். கிட்ட நின்றும் நான் கவனிக்கவில்லை.

"கண்ணத் தொறக்கச் சொல்லு."

பிள்ளை திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "காணுறார்டி!" என்று ஒருத்தி. டீச்சர் எழுந்து போய் தறப்பாளில் ஓட்டை இருக்கிறதா என்று நுனியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். இல்லை. எட்டிப் பார்த்தார். இவர் எங்களுக்கு முதுகு காட்டி, பாக்கு மரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம்.

பிறகு கேட்டேன். பாரம் ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கக் குளம்பு கனமாக விழுமாம். ஏறியிருப்பவர் மூச்சை அடக்கினால் குதிரை அடியைக் குறுக்குமாம். "கண்ண மூடினது?" என்றேன். "அது எல்லாரும் மூடுறதுதான்" என்றார்.

மே 24, சனி

பதிமூன்று பேர். பள்ளிவாசலில் யாரோ கேட்டாராம், பொம்புளப் புள்ளைக்கு எனத்துக்குக் குதிர என்று. ஹஸ்ரத்தே பதில் சொல்லிவிட்டாராம்.

மெலிந்த பிள்ளை இன்று கயிறில்லாமல் ஒரு சுற்று வந்தாள். இறங்கியதும் தறப்பாளைப் பார்த்து "ஜஸாகல்லாஹு ஹைரன் மாமா" என்று நன்றியைக் கத்தினாள். வகுப்பு முடிந்து அந்தப் பக்கம் போனபோது இவருக்குக் கண் சிவந்திருந்தது. புல்லுத் தூசி என்றார்.

ஜூன் 12, வியாழன்

இன்று கேட்டார். "கணக்கு எப்பிடி?"

கொப்பியைத் திறந்து காட்டினேன். கலியாணம் ஒன்று, பிறந்தநாள் வீடு மூன்று, அழகமுத்து, மதரசா. எதிர்ப்பக்கத்தில் தவிடு, புண்ணாக்கு, கொள்ளு, மருந்து, புல்லு வெட்டுக் கூலி. ஐந்து மாதத்தில் ஒரு மாதம்கூட மெணிக்கா தன் தீனியை முழுதாகச் சம்பாதிக்கவில்லை. மே மாதம் கிட்ட வந்தது. கிட்ட வந்தது என்பதும் குறைதான்.

விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசம் போனா சரிவரும்போல."

"வரலாம். ஜூன் வரைக்கும்னு சொன்னது நீங்க."

சொல்லியிருக்கத் தேவையில்லை. உண்மைதான், ஆனால் தேவையில்லை.

"சரி. அப்ப மெடிக்கலுக்குப் போறன்" என்றார். பிறகு கதவடியில் நின்று, என்னைப் பாராமல்: "அங்க எனக்கு வேல தெரியும் ஸில்மியா. காலம்பற எழும்பினா எந்தக் குதிரைக்கு எனத்த செய்யணும்னு தெரியும். இங்க நான் விருந்தாளி. நீ எனக்கு நல்ல கோப்பையில தேத்தண்ணி தார."

நல்ல கோப்பையில்தான் கொடுக்கிறேன். வந்த நாளிலிருந்து. அதில் என்ன பிழை? யாருக்கும் பிழையா அது? மரியாதைக்குத்தானே குடுக்கிற — வேறெப்பிடிக் குடுக்கணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல்லயே, யா அல்லாஹ்.

ஜூன் 13

ஜும்ஆ. இவர் பள்ளிக்குப் போன பிறகு நீண்ட நேரம் ஓதினேன். துஆவில் என்ன கேட்பது என்று தெரியவில்லை. நல்லது எதுவோ அது என்று மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்பது சில நேரம் பணிவு. சில நேரம் தீர்மானத்தை இன்னொருவர் தலையில் போடுவது.

ஜூன் 21, சனி

மெடிக்கலுக்குக் கொழும்பு போனார், முதல் பஸ்ஸில். வகுப்பை நிறுத்த வேண்டாம், நானே பார்ப்பேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன்.

தறப்பாள் கட்டத் தேவையில்லைதானே, அந்தப் பக்கம் ஆள் இல்லையே. ஆனாலும் பிள்ளைகள் வழக்கம்போல் கட்டிவிட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்ததாகத்தான் எனக்குப் பட்டது. பதினான்கு பேரும் சுற்றி வந்தார்கள். மெலிந்த பிள்ளை மட்டும் ஒரு தடவை தறப்பாள் பக்கம் பார்த்து, "மாமா இல்லாட்டி சரியா போறேனான்டு தெரியல்ல" என்றாள்.

இவர் பின்னேரம் வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் கராஜுக்குப் போனார். மெணிக்கா நாலு எட்டு நடந்தது, அவ்வளவுதான், குனிந்து பின்னங்காலைத் தூக்கினார். குளம்பில் ஒரு கருங்கல். கொட்டைப்பாக்களவு.

"எவ்வளவு நேரமா நொண்டினது?"

"நொண்டல்ல" என்றேன். எனக்குத் தெரியவில்லை. பதினான்கு பிள்ளைகளையும் அந்தக் கல்லோடுதான் சுமந்திருக்கிறது.

கத்தி நுனியால் கல்லை எடுத்தார், என்னை ஏசவில்லை. "நான் இல்லாத நேரம் இந்தக் குளம்புச் சத்தத்த யார் கேக்குற?" என்றார். குதிரையிடம்தான் சொன்னார்.

மெடிக்கல் சரியாம். எல்லாம் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 23

மெணிக்காவை வாங்க வில்கமுவவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். உழவு இயந்திரம் வாங்குகிறவர்போலப் பல்லையும் காலையும் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகப் போனார். இவர் அவரை ரோட்டுவரை கொண்டுபோய் விடவில்லை.

ஜூன் 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வகுப்பு தொடங்கி ஒரு மணித்தியாலம் இருக்கும். எட்டாவது பிள்ளை ஏறியிருந்தாள். இவர் வழக்கமான இடத்தில், அந்தப் பக்கம். இவருடைய போன் சார்ஜ் இல்லாமல் வீட்டுக்குள் கிடந்தது. என்னுடையது அபாயாப் பையில் அடித்தது. றினோஸ்.

"மாமி, மாமா எங்க? போன் எடுக்கிறார் இல்ல. கட்டார்ல இருந்து இண்டைக்கே சொல்லச் சொல்றாங்க. ஓம் என்டா விசா அடிக்கிற. மாமாட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லுங்களே."

மாமா பதினைந்து அடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும். "கேட்டுச் சொல்லுங்க" என்று அவன் சொன்னதும் சரிதான். அப்படித்தான் எப்போதும் செய்தோம்.

நான் கேட்கவில்லை.

"மாமாவுக்கு வர ஏலாது மகன்" என்றேன். "அவருக்கு இங்க வேல ஈக்கி."

"எனத்த வேல மாமி?"

"பதினாலு புள்ளைகள் ஈக்கி. குதிர ஈக்கி. அவர் இல்லாட்டி எனக்கு ஒன்டும் கேக்கிறல்ல."

"வெளங்கல்ல மாமி —"

"வெளங்காட்டிப் பரவால்ல. வேற ஆளப் பாருங்க. அவங்களுக்கு ஸலாம் சொல்லுங்க."

போனை வைத்தேன். மற்றக் கையில் கயிறு தொய்ந்து கிடந்தது. மெணிக்கா எப்போதோ நின்றுவிட்டிருந்தது. டீச்சர் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தறப்பாள் காற்றில் ஒரு தடவை ஊதி அடங்கியது.

குளம்பு விழும் சத்தத்தைக் கேட்டே யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று சொல்கிற மனிதர். நான் பேசியதில் ஒரு சொல்கூட அவருக்குத் தப்பியிருக்காது.

காத்திருந்தேன். கதிரை முனகியது.

"குதிர நின்டுட்டுது" என்று குரல் வந்தது. "எனத்துக்கு நிப்பாட்டின? நடக்க விடு."

நடக்க விட்டேன்.

ஜூலை 1

வில்கமுவக்காரர் கோல் எடுத்தார். குதிரை விற்பனைக்கில்லை என்று இவரே சொன்னார். றினோஸைப் பற்றி இவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தேத்தண்ணியை இன்று அலுமினியக் கோப்பையில் ஊற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனேன். நின்றபடியே குடித்தார். கோப்பையைத் தவிட்டு வாளிக்குள் வைத்துவிட்டார். கழுவியெடுக்க எனக்குப் பத்து நிமிடம்.

ஜூலை 12, சனி

பதினேழு பிள்ளைகள். மழை இல்லை. புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி, கொஞ்சம் பருத்த பிள்ளை, கயிற்றோடு இரண்டாவது சுற்று வரும்போது எனக்கு ஏதோ வித்தியாசமாகக் கேட்டது. வலது பக்கம் சத்தம் கொஞ்சம் கூட. பார்க்கவில்லை, கேட்டது.

"வலப்பக்கம் சாயிறீங்க மகள், நிமிந்து இருங்க" என்றேன்.

நிமிர்ந்தாள். சத்தம் சமமானது.

அந்தப் பக்கத்திலிருந்து திருத்தம் ஒன்றும் வரவில்லை. சுற்று முடிந்ததும், சரி என்பதுபோல் இருமினார்.